மீட்டர் அவள் பெயரில்

கஜக்கணக்கில் யோசிக்கப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஈரோட்டுப் பக்கம் நிலம் என்றால் சென்ட், ஏக்கர். மனை என்றால் சதுர அடி. ஹைதராபாத்தில் யாரைக் கேட்டாலும் கஜம். ஒரு கஜத்துக்கு ஒன்பது சதுர அடி என்று மனதுக்குள் பெருக்கிப் பெருக்கியே காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். சைனிக்புரியைத் தாண்டி, அப்போது பேருந்துகூடப் போகாத ஒரு மேட்டில், இருநூறு கஜம் மனையைப் பத்திரம் பதிந்து வாங்கிய அன்றுதான் அந்தப் பெருக்கல் நின்றது. ஊரை விட்டு வந்தபின் முதல் முறையாக என் பெயரில் ஒன்று இருந்தது.

சந்தோஷம் ஆறு நாள் நீடித்தது. ஏழாம் நாள், பேகம்பேட்டில் நான் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியின் கேண்டீனில், உள்ளூர்க்காரரான சக ஊழியர் ஒருவர், காம்பவுண்டு சுவர் கட்டியாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு அறையாவது போட்டாயிற்றா? இல்லை. வாட்ச்மேன்? அதுவும் இல்லை. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கப்ஜா ஆகிவிடும்" என்றார்.

இடத்தை வளைத்துப்போடுவதற்கு இந்த ஊரில் கப்ஜா என்று பெயர். நீங்கள் வாங்கிய மனையில் ஒரு காலையில் வேறு யாரோ நான்கு கல் நட்டிருப்பார்கள். அடுத்த வாரம் ஒரு குடிசை முளைக்கும், அதற்கடுத்த வாரம் ஒரு பலகை. அதன் பிறகு நீங்கள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படியேறியே தலை நரைப்பீர்கள், பிறகு உங்கள் பிள்ளைகளும் ஏறுவார்கள். அதனால் மனை வாங்கிய மாதமே ஓரத்தில் ஓர் அறை கட்டி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, ஒரு குடும்பத்தைக் குடிவைத்துவிடுவது இங்கே வழக்கம். அவர்கள் வாடகை தரவேண்டியதில்லை, பெரிதாகச் சம்பளமும் கேட்கமாட்டார்கள். அங்கே அடுப்பெரிந்தால் போதும், இடம் உங்களுடையது.

இதெல்லாம் எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. அந்தக் காலத்தில் நான் சொத்துரிமையைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஆள். கேண்டீனில் எங்களுக்கு ஒரு மதியக் கோஷ்டி உண்டு. ஐந்து பேர், எல்லோரும் முப்பதைத் தொடாதவர்கள், இணையத்தில் கண்டதைப் படித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தபடி உலகத்தைத் திருத்துவோம். உடலுக்கு அடுத்து மனிதனுக்கு உள்ள முதல் உரிமை சொத்து. அதில் கை வைக்க எந்த அரசுக்கும் அதிகாரமில்லை. அரசு ஒரு காவல்காரன் மட்டுமே, வாசலில் நிற்கவேண்டும், உள்ளே வரக்கூடாது. இதையே நாங்கள் ஐந்து விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் என் குரல்தான் பெரிது.

எனக்கு அது புத்தகத்திலிருந்து வந்ததல்ல. என் அப்பா நெசவு நூல் கடை வைத்திருந்தார். எதற்கெடுத்தாலும் லைசென்ஸ் கேட்ட காலம். இன்ஸ்பெக்டரின் ஜீப் சத்தம் தெருமுனையில் கேட்டால் அப்பா கல்லாவை விட்டு எழுந்து நின்றுவிடுவார். ஜீப் வேறு பக்கம் போய்விட்டாலும் உடனே உட்காரமாட்டார். ஒரு கை மேஜையைப் பிடித்திருக்கும், உதடு காய்ந்திருக்கும். தன் கடையில், தன் காசில் வாங்கிய சரக்குக்கு நடுவில், அவர் ஏன் எழுந்து நிற்கவேண்டும் என்று எனக்குப் பத்து வயதிலிருந்து ஆத்திரம். கேண்டீனில் நான் கத்தியதெல்லாம் அந்த ஜீப்பைப் பார்த்துத்தான்.

ஆத்திரம் மனையைக் காக்காது. அறை கட்டினேன், ஆள் தேடினேன். அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒரே குடும்பத்தை இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதே, வேர் பிடித்துவிடும். ரேஷன் கார்டு, கரண்ட் மீட்டர் எதையும் அவர்கள் பெயரில் வரவிடாதே. நான் இரண்டையும் கேட்கவில்லை. பாலாநகரில் ஒரு தொழிற்சாலைக் கட்டட வேலையில் கல் உடைத்துக்கொண்டிருந்த ஒரு கணவன் மனைவியைக் கண்டுபிடித்தேன். அந்தப் பெண் குழாயடியில் யாரையோ தமிழில் திட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. நம்ம ஆளு என்று நினைத்தேன். வெளியூரில் இருக்கும் தமிழனுக்கு மட்டுமே வரக்கூடிய கிறுக்கு அது.

அவர்களுடைய முன்னோர் வடாற்காட்டிலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர்கள். ஒர்க்‌ஷாப் வேலை தாத்தாவோடு போய்விட்டது, தமிழ் மட்டும் தங்கிவிட்டது. அந்தத் தமிழிலும் பாதி இந்த ஊர். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்குக் கைக்கு.

"இடத்தைப் பத்தரமாப் பாத்துக்கோணும். ஆரு வந்து கேட்டாலும் என்ன சொல்லோணும் தெரியுமா?" என்று அவளைக் கேட்டேன்.

"இன்னா சொல்லணும் சார்?"

"இது எங்க சார் எடம்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே."

"ஹவ் சார்" என்றாள். தெலுங்கில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். "இதி மா சார் ஜாகா" என்றாள். உருதுக்காரன் வந்தால்? "யே ஹமாரே சாப் கா ஜாகா." மூன்று மொழியிலும் நான் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் கணவன் சற்றுத் தள்ளி நின்று பீடியைக் கையில் மறைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பேசி நான் கேட்டது மிகக் குறைவு.

அந்த வருடமே கம்பெனி என்னை ஆறு மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பியது. அறைக்கு மின்சாரம் வாங்கவேண்டும், விண்ணப்பதாரர் நேரில் வரவேண்டும் என்றார்கள். நான் விமானம் ஏறும் அவசரத்தில் இருந்தேன். அங்கே இருப்பவர் பெயரில் வாங்கிவிட்டால் வேலை சுலபம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னான். சரி என்று அவள் பெயரில் மீட்டர் வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த பில்லைக் காட்டி ரேஷன் கார்டு வாங்கினாள். ரேஷன் கார்டைக் காட்டி மகளைப் பள்ளியில் சேர்த்தாள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் வந்து ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டாள், நானும் பெருமையாக எழுதிக் கொடுத்தேன். அரசாங்கத்தைத் திட்டுகிறவன் ஏழைக்கு விரோதி இல்லை என்று காட்டிக்கொள்ள எனக்கு அது உதவியது.

மனையின் வடகிழக்கு மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை இருந்தது. ஹைதராபாத்தில் பாறை இல்லாத மனையைப் பார்ப்பது கஷ்டம். அதை எடுக்க ஜே.சி.பி.க்காரன் கேட்ட கூலி கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டேன். அவள் கணவன் அதை உளியும் சம்மட்டியுமாக இரண்டு கோடை உடைத்தான். உடைத்த கல்லை வீணாக்காமல் நாலு பக்கமும் சுவர் எழுப்பினான். அவள் எங்கிருந்தோ தட்டுத் தட்டாக மண் சுமந்து பாறை இருந்த பள்ளத்தை நிரப்பி, புளிச்சக்கீரை போட்டு, பக்கத்துக் காலனியில் விற்றாள். நான் ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்து வருவேன். வண்டி கேட்டுக்கு வரும் முன்பே அவள் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வாசலில் நிற்பாள். நல்ல மரியாதை தெரிந்த பெண் என்று வீட்டில் என் மனைவியிடம் சொல்வேன்.

அதே கோடையில்தான் கேண்டீனில் சொத்து எப்படிப் பிறக்கிறது என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் சொந்தமில்லாத தரிசில் ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகிறது, உலகத்தில் எந்தப் பத்திரத்துக்கும் மூலப்பத்திரம் அந்த வியர்வைதான் என்று ஸ்பூனை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். எனக்கு அன்று ஒன்றும் உறைக்கவில்லை.

ஒன்பதாவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டின் முனையில் புதிதாக ஒரு பலகை நின்றது. வெள்ளைப் பெயிண்டில் தெலுங்கு எழுத்து. நான் ஸ்கூட்டரை நிறுத்தி எழுத்துக்கூட்டிப் படித்தேன். இது அரசு நிலம், அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள். மேட்டில் இருந்த அறுபது மனைக்கும் சேர்த்து ஒரு பலகை.

விசாரித்ததில் விஷயம் இதுதான். எங்களுக்கு விற்றவரின் குடும்பம் முப்பது வருடத்துக்கு முன்பே நில உச்சவரம்புச் சட்டத்தில் அந்த மேட்டை மிகை நிலம் என்று காட்டி அரசிடம் ஒப்படைத்திருந்தது. அரசு அதை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு மறந்துபோனது. அவர்கள் அதை மனை போட்டு விற்றார்கள். அதே அரசின் பதிவு அலுவலகம் முத்திரை குத்திப் பத்திரமும் கொடுத்தது. இப்போது நில விலை ஏறியபின் கோப்புக்கு நினைவு வந்துவிட்டது. என் பத்திரம் போலியில்லை, ஆனால் விற்றவருக்கு விற்க ஒன்றும் இருக்கவில்லை என்று வக்கீல் சொன்னார். அன்றிரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன்.

"நாம காசு குடுத்து வாங்குன எடத்துக்கு, நாம எதுக்குங்க பயந்துக்கோணும்?" என்றாள்.

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றேன். கேட்க ஆள் இல்லை.

மதியக் கோஷ்டியிடம் சொன்னேன். அவர்களுக்கு ஒருவகையில் உற்சாகமாகிவிட்டது. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்றான் ஒருவன். முறைப்படுத்தக் கேட்டு மட்டும் விண்ணப்பிக்காதே, விண்ணப்பித்தால் அது அவர்கள் நிலம் என்று நீயே ஒப்புக்கொண்டதாகும், திருடனிடம் உன் பொருளையே விலைக்கு வாங்குவதுபோல் ஆகும் என்றான் இன்னொருவன். அதுவரை நானே அப்படித்தான் பேசியிருப்பேன். எங்கள் ஐந்து பேரில் மனை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அதன்பின் அந்த மேஜைக்கு அதிகம் போகவில்லை.

முறைப்படுத்தும் திட்டம் என்று ஒன்றை அரசு அறிவித்திருந்தது. அங்கே யார் குடியிருக்கிறார்களோ அவர்கள் பெயரில் இடத்தைப் பட்டா போட்டுத் தருவார்கள். குடியிருப்பவர் ரேஷன் கார்டு வைத்திருக்கும் ஏழை என்றால் இலவசம். மற்றவர்கள் அரசு விலையைக் கட்டவேண்டும். காலி மனை என்றால் அரசு எடுத்துக்கொள்ளும். வருவாய்த்துறை ஆட்கள் மனை மனையாக வந்து, குடியிருப்பவரை நேரில் கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

வக்கீல் என் காகிதங்களைப் புரட்டியபடி அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். வாட்ச்மேன் குடும்பம் என்றேன். மின் இணைப்பு யார் பெயரில்? சொன்னேன். ரேஷன் கார்டு எந்த முகவரியில்? சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டப்படி அந்த இடத்தில் நான் இல்லவே இல்லை, அந்தப் பெண்தான் இருக்கிறாள் என்றார். அவளை இப்போது காலி செய்தால் மனை காலி மனையாகிவிடும், அரசுக்குப் போகும். அவளை அங்கேயே விட்டுவைத்தால் அவள் சொல்வதுதான் கணக்கு. சார் இடம், நான் காவலுக்கு இருக்கிறேன் என்று அவள் வாயால் சொன்னால் எனக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. அவள் பேசாமல் ரேஷன் கார்டை நீட்டினால் முடிந்தது.

சர்வே எந்த நாள் வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த வாரம் என்றார்கள். நான் அலுவலகத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, தினமும் காலை எட்டு மணிக்கே மேட்டுக்குப் போய்விடுவேன். அறையில் இருந்த ஒரே நாற்காலியை அவள் எனக்குத் துடைத்துப் போட்டாள். டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தாள். அவள் மீட்டரில் ஓடும் மின்சாரத்தில் என் லேப்டாப் சார்ஜ் ஆனது.

"கைக்கு சார் டெய்லி வர்றீங்கோ? நாங்க கீறோம்ல?" என்றாள்.

"சும்மாதாம்மா."

முதல் மூன்று நாளும் நான் ஒரு வரி வேலை செய்யவில்லை. அவள் குழாயடிக்குப் போனால் கதவருகே வந்து நின்று பார்த்தேன். பக்கத்து மனையின் வாட்ச்மேன் அவள் கணவனிடம் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டேன். அவள் மகள் தெலுங்கில் அம்மாவிடம் ஏதோ கிசுகிசுத்தால், எனக்குத் தெரியாத ஏதோ அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று தோன்றியது. ரேஷன் கார்டு எங்கே வைத்திருக்கிறாள் என்று கண்ணாலேயே அறையைத் துழாவினேன். அதை எடுத்து ஒளித்துவைத்தால் என்ன என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள். "சார், பக்கத்து ப்ளாட்காரன் ஒண்ணு சொல்றான். எங்க பேரு எழுதிக்கினா இந்த எடம் எங்களுக்கே குடுத்துருவாங்களாமே. நெஜமா சார்?"

ஒன்பது வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே நேரான கேள்வி அது. கணவனிடம் கேட்கவில்லை, அதிகாரியிடம் கேட்கவில்லை. படித்தவன், தமிழன், ஞாயிறு தவறாமல் வருகிறவன் என்று என்னிடம் கேட்டாள். உண்மை எனக்குத் தெரியும். வக்கீல் விளக்கிய ஒவ்வொரு வரியும் மனப்பாடமாக இருந்தது.

"அதெல்லாம் புரளிம்மா. அரசாங்கம் சும்மா எதையாச்சும் குடுக்குமா? பேரு எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஆக்கிரமிப்புன்னு கேஸ் போட்டு உங்களத்தான் உள்ள வெப்பான்" என்றேன்.

சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. அரசாங்கத்தைப் பற்றி ஒன்பது வருடம் பேசிப் பழகிய குரல், தானாக வந்தது.

"நானும் அத்தேதான் சொன்னேன். நமக்கு நக்கோ அந்த வம்புன்னு" என்று அரிசியில் கிடந்த கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

நான்காம் நாள் அவர்கள் வந்தார்கள். வருவாய் ஆய்வாளர் ஒருவர், சங்கிலி பிடிக்க ஒரு சர்வேயர். ஆய்வாளர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இங்கே யார் இருக்கிறார்கள் என்று தெலுங்கில் அவளைப் பார்த்துக் கேட்டார். நான் லேப்டாப்பும் கையுமாக அறை வாசலில் நின்றிருந்தேன். பத்திர ஜெராக்ஸ் இருந்த பிளாஸ்டிக் கவரை லேப்டாப்பின்மேல் வைத்துப் பிடித்திருந்தேன்.

"இதி மா சார் ஜாகா" என்றாள் அவள். நான் சொல்லிக் கொடுத்த அதே வாக்கியம், ஒரு எழுத்துக் கூடவில்லை.

ஆய்வாளர் அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்றார். அவள் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ரேஷன் கார்டு, கரண்ட் பில், மகளின் பள்ளி அட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் உன் பெயரில்தானே இருக்கிறது என்றார். ஹவ் என்றாள். எத்தனை வருடமாக இருக்கிறாய்? ஒன்பது. இந்தச் சுவர் யார் கட்டியது? அவள் கணவனைக் காட்டினாள். ஆய்வாளர் மறுபடியும் முதலிலிருந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாக, அப்படியென்றால் இது யார் இடம் என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து கவரின் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். "இதி மா சார் ஜாகா" என்றாள்.

ஆய்வாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கள் நூல் கடையில் பார்த்ததில்லை, அது இன்ஸ்பெக்டரின் பார்வை அல்ல. பிறகு குனிந்து எழுதினார். காவலாளியாக மட்டுமே வசிக்கிறேன், இந்த இடத்தில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று தெலுங்கில் ஒரு தாளை எழுதி அவளிடம் நீட்டினார். அவளுக்குப் பெயர் மட்டும்தான் எழுதத் தெரியும். பேனாவை வாங்கிக்கொண்டு என்னிடம் திரும்பி, "சரியாத்தான எழுதிக்கீறாரு சார்?" என்றாள்.

"சரிதாம்மா" என்றேன்.

கால் கிலோமீட்டர் தள்ளிப் போனதும் சர்வேயரின் சங்கிலிச் சத்தம் நின்றது. அவள் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

நான் விண்ணப்பித்தேன். கேண்டீன் மேஜையில் யாரிடமும் சொல்லவில்லை. என் பொருளை இரண்டாம் முறை விலை கொடுத்து வாங்கினேன், அரசுக்கு நன்றி என்று ஒரு கடிதமும் எழுதினேன். எட்டு மாதத்தில் பட்டா வந்தது. ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் மேட்டுக்குப் போனேன். இந்த முறை பயமில்லாமல் போகிறேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். அவள் எப்போதும்போல் எழுந்து வாசலில் நின்றிருந்தாள். பட்டா வந்துவிட்டது என்றேன். லட்டை வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை.

"பட்டா வந்துட்டுது. அப்ப இனிமே காவலு வேணாம். நாங்க எப்போ சார் காலி பண்ணணும்?" என்றாள்.

நான் அதைப் பற்றி யோசித்தே இருக்கவில்லை என்று சொல்ல விரும்பினேன். ஆனால் யோசித்திருந்தேன். வீட்டுக்கு வரைபடம்கூடப் போட்டாயிற்று.

"இப்பவே என்னம்மா அவசரம்? மெதுவாப் பாத்துக்கலாம்" என்றேன்.

"இல்ல சார், சொல்லிட்டீங்கன்னா தேவலாம்." அவள் முகத்தில் கோபமில்லை. சொல்லப்போனால் லேசாகச் சிரித்தாள். "ஒம்பது வருசமா ஞாயித்துக்கெளமை உங்க ஸ்கூட்டர் சத்தம் கேட்டா வயித்தைக் கலக்கும். இன்னைக்குத்தான் சொல்லப்போறாரு, இன்னைக்குத்தான் சொல்லப்போறாருன்னு எந்திரிச்சு நின்னுருவேன். இவருகிட்ட சொன்னா சிரிப்பாரு. தேதி தெரிஞ்சுட்டா அந்தப் பயமாச்சும் போவும் சார்."

நான் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தாள். ஆறு மாதம் என்று ஒரு தேதி சொன்னேன். அவள் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, மகளின் பரீட்சை முடிந்துவிடும், நல்லது சார் என்றாள். போகும்போது கையில் கொஞ்சம் கொடுத்தேன். எவ்வளவு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பாலாநகர்ப் பக்கம் போவதாகச் சொன்னார்கள்.

வீடு கட்டிக் குடிவந்து சில வருடங்கள் ஆகின்றன. சுற்றுச்சுவர் பழைய கல் சுவர்தான், என்ஜினியரே இதை இடிக்கவேண்டாம், நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். பக்கத்து மனையில் அன்று தன் பெயரையே எழுதிக்கொடுத்த வாட்ச்மேன், இப்போது அதே இடத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அவர்மேல் யாரும் கேஸ் போடவில்லை. காலையில் பால் பாக்கெட் அவரிடம்தான் வாங்குகிறேன். அவர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார். நான்தான் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

மின் மீட்டர் மட்டும் மாறவில்லை. பெயர் மாற்றப் பழைய பெயர்க்காரர் வந்து, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடவேண்டும் என்கிறார்கள். இன்னொரு தாளை அவள் முன் நீட்டி, சரியாத்தான் எழுதியிருக்கிறது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. என் மனைவி இரண்டு முறை நினைவுபடுத்திவிட்டு விட்டுவிட்டாள். பில் மாதாமாதம் அந்தப் பழைய பெயருக்கே வருகிறது.

போன மாதம் மீட்டர் பார்க்கப் புதிதாக ஒருவர் வந்தார். எண்ணைக் குறித்துக்கொண்டு, இயந்திரத்திலிருந்து பில்லைக் கிழித்து, அதில் இருந்த பெயரைப் படித்தார். என்னைப் பார்த்தார், மறுபடி பெயரைப் பார்த்தார்.

"ஆப் கிராயேதார் ஹை க்யா?" என்று கேட்டார். வாடகைக்கு இருக்கிறீர்களா என்று.

"ஹவ்" என்றேன்.